கழுத்து, இடுப்பு, கால்: ஷியாட்சுவில் எந்த இடத்தில் எப்படிக் கை வைப்பது?

கேள்வி இதுதான். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை. பிடரியும் வலது தோளும் எப்போதும் இறுகிக் கிடக்கின்றன, அவ்வப்போது இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. விரலாலும் உள்ளங்கையாலும் உடம்பை அழுத்திச் செய்யும் ஜப்பானியச் சிகிச்சையான ஷியாட்சு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடம்பு முழுக்கச் செய்யாமல் வலிக்கிற இடத்துக்கு மட்டும் செய்யலாமா, அதை வீட்டில் மனைவியே செய்துவிட முடியுமா?

செய்யலாம். இரண்டுக்கும் பதில் அதுதான். ஆனால் வலிக்கிற இடத்திலேயே கட்டைவிரலை ஊன்றிப் பலம்கொண்ட மட்டும் அமுக்குவது ஷியாட்சு இல்லை. அந்த இடத்துக்குக் கடைசியில்தான் போக வேண்டும். சில நாள் அங்கே போகவே தேவையிருக்காது. அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஷியாட்சுவை இன்று நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் இரண்டு பேருக்குப் பெரிய பங்கு உண்டு. முதலாமவர் டொகுஜிரோ நமிகோஷி. 1905-ல் ஜப்பானின் ஷிகோகு தீவில் பிறந்தவர். இவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வடக்கே ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்தியர் கிடையாது. பிள்ளைகள் மாறி மாறி அம்மாவின் கை கால்களைத் தடவியும் அமுக்கியும் விட்டார்கள். மற்றவர்கள் கையைவிட இவன் கை இதமாக இருக்கிறது என்று அம்மா சொல்ல, சிறுவன் கவனித்துச் செய்ய ஆரம்பித்தான். எங்கே சில்லிட்டிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது, தடவுவதைவிட அழுத்தும்போது எங்கே சுகம் கிடைக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் அவருடைய முறை. 1925-ல் ஹொக்கைடோவின் முரோரானில் சிகிச்சை நிலையம் தொடங்கினார், 1940-ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1954-ல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு வயிற்றுவலி வந்தபோது சிகிச்சை கொடுத்தவர் இவர்தான். அடுத்த ஆண்டு, 1955-ல், ஜப்பானியச் சட்டத்தில் ஷியாட்சுவின் பெயர் இடம்பிடித்தது. இன்றும் அங்கே தொழில்முறையில் ஷியாட்சு செய்ய மூன்று ஆண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் உண்டு.

இரண்டாமவர் ஷிசுடோ மசுனாகா. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். நமிகோஷியின் பள்ளியில் பாடம் நடத்தினார், பிறகு தனி வழியில் போனார். நமிகோஷி தசை, நரம்பு, எலும்பு என்று உடற்கூற்றின் மொழியில் பேசினார். மசுனாகா சீன மருத்துவத்தின் நாளங்களை, அதாவது உடம்பில் சக்தி ஓடுவதாக அது சொல்லும் பாதைகளை, திரும்பக் கொண்டுவந்தார். உடம்பை அறுத்துப் பார்த்தால் நாளம் என்று தனியாக ஒன்று தென்படாது. கை எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதற்கான வரிசையாக எடுத்துக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மசுனாகா சொன்னதில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. உடம்பில் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன என்பார். ஒன்று ஜிட்சு: நிறைந்து, இறுகி, தொட்டாலே துள்ளும் இடம். இன்னொன்று கியோ: உள்வாங்கி, சோர்ந்து, கூப்பிட்டாலும் பதில் சொல்லாத இடம். ஜிட்சுவை யாரும் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் வலிக்கிறது. கியோவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோர்ந்த இடம் தன் வேலையைச் செய்யாததால் இன்னொரு இடம் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறுகிப்போகிறது என்பது அவர் பார்வை. சோர்ந்த இடத்தில் கையை வைத்து, அவசரப்படாமல், அசையாமல் அழுத்திக் காத்திருந்தால் இறுகிய இடம் தானாக இளகும். நாளம், சக்தி என்பதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாள் முழுக்க வலது கையால் மவுஸைப் பிடித்திருப்பவருக்கு முன்கையும் மார்புத் தசையும் சுருங்கிக்கொள்ளும், தோள்பட்டை எலும்பு முன்னால் சரியும், பிடரித் தசை தலையின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்வார். வலிப்பது பிடரி, காரணம் கீழே இருக்கிறது.

ஆகவே உங்கள் கழுத்துக்கும் தோளுக்கும் வேலையை முன்கையில் ஆரம்பியுங்கள்.

அதற்கு முன் அழுத்தும் முறையைப் பார்த்துவிடலாம். தரையில் பாய், அதன்மேல் மெத்தென்று ஒரு ஜமக்காளமோ கம்பளமோ. கட்டில் வேண்டாம், மெத்தை அழுத்தத்தை விழுங்கிவிடும். எண்ணெய் கிடையாது. தளர்வான பருத்தி உடை போதும், அதன் மேலேயே அழுத்தலாம். கட்டைவிரலின் நுனி படக்கூடாது, ரேகை இருக்கும் சதைப்பகுதிதான் பட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். விரலை மடக்கி, கைத் தசையை முறுக்கி அமுக்கினால் பத்து நிமிடத்தில் அமுக்குகிறவருக்குக் கட்டைவிரல் மூட்டு வலிக்க ஆரம்பித்துவிடும், படுத்திருப்பவருக்கும் குத்துவதுபோல இருக்கும். முழங்கையை அதிகம் மடக்காமல் வைத்துக்கொண்டு, தன் உடம்பை இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். உடல் எடைதான் அழுத்தம். படுத்திருப்பவர் மூச்சை விடும்போது சாயுங்கள், செங்குத்தாக உள்ளே போங்கள், ஐந்து நொடி வரை அப்படியே நில்லுங்கள், பிறகு போன அதே வேகத்தில் மெதுவாகத் திரும்பி வாருங்கள். தேய்க்கக்கூடாது, உருட்டக்கூடாது. நின்று அழுத்துவதுதான் இதன் உயிர்.

இன்னொரு கை சும்மா இருக்கக்கூடாது. அது உடம்பில் வேறோர் இடத்தில் படிந்து, தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். மசுனாகா வழியில் அதைத் தாய்க்கை என்றும் நகர்ந்துபோகும் கையைச் சேய்க்கை என்றும் சொல்வார்கள். செய்து பார்த்தால்தான் அதன் பலன் தெரியும். ஒரு கை மட்டும் பட்டால் உடம்பு அந்த அழுத்தத்தை எதிர்க்கத் தயாராகிறது. இரண்டு கையும் இருந்தால் தன்னை ஒப்புக்கொடுக்கிறது.

எவ்வளவு அழுத்துவது? "வலிக்குது, ஆனா நல்லா இருக்கு" என்று சொல்லும் அளவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார் என்றால், மூச்சு நின்றுவிட்டது என்றால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இறுகிய தசையை வலுக்கட்டாயமாக அமுக்கினால் அது இன்னும் இறுகிக்கொள்ளும். மறுநாள் தொட முடியாமல் வலிக்கும். "நல்லா அழுத்தினாத்தான் போகும்" என்று நம்மிடம் ஊறிப்போன எண்ணம் ஒன்று இருக்கிறது. ஷியாட்சுவில் அதை விட்டுவிட வேண்டும்.

சரி, இப்போது கழுத்துக்கு வருவோம். நீங்கள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள், வலது தோள் மேலே இருக்கட்டும். தலைக்கு அடியில் கழுத்து வளையாத உயரத்தில் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. மனைவி உங்கள் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்காரட்டும். முதலில் வலது முன்கை. முழங்கையை மடக்கினால் மடிப்பு விழும் வெளிக்கோட்டிலிருந்து மூன்று விரற்கடை கீழே, கட்டைவிரல் பக்கத்துத் தசையில் ஒரு புள்ளி இருக்கிறது. கை சன்ரி என்பார்கள். கணினியில் வேலை பார்க்கும் யாருக்கும் அங்கே அழுத்தினால் முகம் சுருங்கும். அங்கிருந்து மணிக்கட்டுவரை ஒவ்வொரு விரற்கடையாக இறங்கி வாருங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை.

அப்புறம் தோள்பட்டை. ஒரு கையால் தோளின் முன்புறத்தைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு, மெல்லப் பின்னால் இழுத்தால் தோள்பட்டை எலும்பின் உள் விளிம்பு தூக்கிக்கொண்டு வெளியே தெரியும். அந்த விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் அழுத்தி வாருங்கள். இந்தப் பள்ளத்தில்தான் பலருக்கு நாள்பட்ட இறுக்கம் ஒளிந்திருக்கும். பெரும்பாலான நேரத்தை இங்கே செலவழியுங்கள். அடுத்தது தோளின் மேல்பகுதி. கழுத்தின் அடியிலிருக்கும் துருத்திய எலும்புக்கும் தோள் முனைக்கும் சரிபாதியில் கென்செய் என்ற புள்ளி. எல்லோரும் கை வைத்துப் பிசைவது இங்கேதான். ஒருக்களித்துப் படுத்த நிலையில் இதைக் கால் பக்கம் பார்த்து அழுத்த வேண்டும். இதற்குள் அது பாதி இளகியிருக்கும்.

பிடரியை மல்லாந்து படுத்துச் செய்வது எனக்குப் பிடித்த முறை. மனைவி உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கழுத்துக்கு அடியில் நுழைத்து, விரல் நுனிகளை மேல்நோக்கி மடக்கி வைத்துக்கொண்டால் போதும். உங்கள் தலையின் பாரமே அழுத்தம் கொடுத்துவிடும். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு குழிகள் உண்டு. ஃபூச்சி என்பது இதுதான். விரல்களை அங்கே நிறுத்திக்கொண்டு, உங்கள் கண்கள் இருக்கும் திசையை நோக்கி லேசாக அழுத்தம் போகட்டும். கண் சோர்வு, பிடரியிலிருந்து நெற்றிவரை ஏறும் தலைவலி இரண்டுக்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கழுத்தில் எங்கேயும் மூன்று நொடிக்கு மேல் வேண்டாம்.

கழுத்தின் முன்பக்கத்தை வீட்டில் தொடவே வேண்டாம். நமிகோஷியின் வரிசையில் முன்கழுத்துப் புள்ளிகளும் வரும், பயிற்சி பெற்றவர்கள் அங்கே மிக மென்மையாகச் செய்வார்கள். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அங்கேதான் ஓடுகிறது. கழுத்தில் முரட்டுத்தனமாக அழுத்தியதால் தமனிச் சுவர் கிழிந்ததும், ரத்தக்கட்டி நகர்ந்துபோய் அடைத்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஷியாட்சு மசாஜர் என்று கடைகளில் விற்கும் கருவிகளையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். கழுத்தைத் திருகி சொடக்கு எடுப்பது ஷியாட்சுவில் கிடையாது. யாராவது செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடுப்புக்கும் இதே கதைதான். பிடிப்பு முதுகின் அடியில் தெரியும், சாவி பெரும்பாலும் புட்டத்தில் இருக்கும். குப்புறப் படுத்து, வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை வையுங்கள். முதலில் முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து மேலிருந்து இடுப்புவரை சாய்ந்து சாய்ந்து அழுத்தி வர வேண்டும். எலும்பின் மேல் ஒருபோதும் அழுத்தக்கூடாது. இடுப்பு ஒடுங்கும் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஜின்யூ என்ற புள்ளி இரு பக்கமும் இருக்கிறது. இங்கே அழுத்தத்தைவிடச் சூடு முக்கியம். உள்ளங்கைகளை வைத்து நான்கைந்து மூச்சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு புட்டம். இடுப்பெலும்பின் முன்பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து சற்றுக் கீழே, பின்பக்கமாகப் போனால் பக்கவாட்டுத் தசையில் கட்டைவிரல் உள்ளே இறங்கும் ஓர் இடம் கிடைக்கும். நமிகோஷி கண்டறிந்ததால் அவர் பெயராலேயே நமிகோஷி புள்ளி என்று வழங்குகிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இங்கே வலி சுள்ளென்று ஏறும். அதனால் கட்டைவிரலுக்குப் பதில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஆரம்பியுங்கள். இரண்டு புட்டத்திலும் செய்துவிட்டு, பின்தொடை நடுவில் முழங்கால் மடிப்புக்குச் சற்று மேல்வரை இறங்கி வந்தால் இடுப்பில் பிடித்திருந்தது விட்டுக்கொடுக்கும். முழங்கால் மடிப்பின் குழியில் மட்டும் அழுத்தாதீர்கள்.

கால்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளக்கூடியது அது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை, முன்காலெலும்பிலிருந்து வெளிப்பக்கம் ஒரு விரற்கடை. கால் சன்ரி. ஜப்பானில் அந்தக் காலத்தில் நெடுந்தூரம் நடப்பவர்கள் இந்த இடத்தில் மூலிகைச் சூடு போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். கால் அசதிக்கும் வயிற்று மந்தத்துக்கும் இதை அழுத்துவது வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

பயணத்தில் குமட்டல் வருகிறவர்களுக்கு மணிக்கட்டின் உட்புறம், மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் நய்கான். ஷியாட்சுவும் அக்குபிரஷரும் பங்குபோட்டுக்கொள்ளும் புள்ளிகளில் அதிக ஆய்வுக்கு உள்ளானது இதுதான். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இந்த இடத்தைத் தூண்டுவது குறைக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பே சொல்கிறது. ஆனால் ஷியாட்சு முறையை முழுமையாக எடுத்துப் பார்த்தால் அதற்கான ஆய்வு ஆதாரம் குறைவு. இறுக்கம் தளர்வது, தூக்கம் நன்றாக வருவது இதெல்லாம் செய்துகொண்டவர்கள் சொல்வது, நானும் கண்ணால் பார்ப்பது. சர்க்கரை குறையும், கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வர்மமும் இதுவும் ஒன்றா என்று அடுத்த கேள்வி வரும். ஒன்றல்ல. சில இடங்கள் ஒத்துப்போகலாம். ஆனால் வர்மத்துக்கு அதற்கே உரிய ஆசான் மரபும், எவ்வளவு அழுத்துவது என்பதற்கான மாத்திரை அளவும் இருக்கின்றன. ஒன்றின் புள்ளியை எடுத்து இன்னொன்றின் முறையில் அழுத்தக்கூடாது.

எப்போது செய்யவே கூடாது என்பது புள்ளிகளைவிட முக்கியம். காய்ச்சல், எலும்பு முறிவு, புண், தோல் தொற்று இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. புடைத்த நரம்பு, அதாவது வெரிகோஸ், உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு என்றால், அதை அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளுக்குத் தோளின் கென்செய், கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே இருக்கும் சன்இன்கோ மூன்றையும் மரபாகவே தவிர்ப்பார்கள்.

உங்களுக்கே பொருந்துகிற எச்சரிக்கைகளும் உண்டு. தோள்வலியோடு கை மரத்துப்போவது, விரலில் பிடிமானம் குறைவது. இடுப்புவலியோடு காலில் பலம் குறைவது, தொடை இடுக்கில் உணர்ச்சி மங்குவது, சிறுநீர் கட்டுப்பாடு தப்புவது. இடது தோளிலோ தாடையிலோ வலியும் கூடவே வியர்வையும் மூச்சுத்திணறலும். இவற்றில் எது வந்தாலும் பாயை விரிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக, மனைவியால் முடியுமா என்பது. முடியும், அதுவும் நன்றாகவே. ஒரே ஒரு தடவை பயிற்சி பெற்றவரிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து போய்விட்டு வாருங்கள். எவ்வளவு மெதுவாக அழுத்தத்துக்குள் போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை எழுத்தில் படிப்பதைவிட உடம்பில் வாங்கிக்கொள்வது சுலபம். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். முடித்ததும் சட்டென்று எழுந்திருக்காமல் கொஞ்சம் படுத்திருங்கள். அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் நீங்கள் செய்துவிடுங்கள், எங்கே எவ்வளவு அழுத்தினால் சுகம் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் கைக்குப் பிடிபடும். மூன்று வாரம் போயும் பிடரியில் மாற்றமே இல்லை என்றால் நாற்காலியின் உயரத்தையும் திரையின் உயரத்தையும் சரிபாருங்கள், அப்படியும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.